புதுப்பிப்பு: டிரில் பிட் தண்டில் கார்பைடு உளி, நுனி உதிர்வதற்குத் தீர்வு

உடைந்த பிசிபி (மின்சுற்றுப் பலகை) டிரில் பிட்டின் 3.175 மி.மீ. கார்பைடு (டங்ஸ்டன் கார்பைடு) தண்டில், உலோகத்தில் செதுக்கு வேலை செய்ய 120 டிகிரி உளி (V வடிவ நுனியின் இரு பக்கங்களுக்கு இடையே 120 டிகிரி) தீட்டுவதை முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். முகக் கோணம் (உளியின் முன்முகம் தண்டின் நீளவாக்கோடு சேரும் கோணம்) 45 டிகிரி பித்தளைக்குச் சரி. ஸ்டீலுக்கு 50 முதல் 55 வையுங்கள். கார்பைடு கடினமானது, ஆனால் நொறுங்கும். 45-இல் நுனியைத் தாங்கப் பின்னால் சதை போதாது.

நுனி உதிர இன்னொரு காரணம், தீட்டும்போது விழும் கீறல்கள். உடைவு அங்கிருந்துதான் தொடங்கும். 600, பிறகு 1200 கிரிட் (எண் கூடினால் துகள் நுண்மை) வைரத் தட்டில் தண்ணீர் சொட்டவிட்டுத் தீட்டி, 1 மைக்ரான் வைரப் பசையில் மெருகேற்றுங்கள். வெறும் அலுமினியம் ஆக்சைடு சக்கரம் கார்பைடை வெட்டாது, சூடேற்றும். சூடான உளியைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும். தூளில் கோபால்ட் இருக்கிறது, முகக்கவசம் கட்டாயம்.

10 மடங்கு லூப்பில் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) நுனியைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியாக மினுங்கினால் மழுங்கியிருக்கிறது, மறுபடி தீட்டுங்கள்.