.375 தோட்டா உறையில் பளபள வளையம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் இருக்கிறேன். மூஸ் (பெரிய காட்டுமான்) வேட்டைக்கு உரிமத்தோடு .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் ரைஃபிள் வைத்திருக்கிறேன். கடைத் தோட்டா விலை கையைக் கடிப்பதால் சுட்ட பித்தளை உறைகளையே மறுபடி நிரப்புகிறேன். மருந்து அளவு கையேட்டில் உள்ளபடிதான், அதில் சிக்கல் இல்லை.

தொல்லை உறையில்தான். அடியில் தடித்த பட்டைபோல் உள்ள பெல்ட்டுக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு பளபள வளையம். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு வருடினால் அதே இடத்தில் பள்ளம் தட்டுகிறது. உறை அங்கேயே இரண்டாகப் பிய்ந்துவிடும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

1912-இல் வந்த இந்த வகைத் தோட்டா ரைஃபிளின் அறைக்குள் பெல்ட்டைப் பிடித்துத்தான் நிற்கிறது. உறையைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சான டையை முழுக்க இறக்கினால், உறை கழுத்தை நோக்கிக் குறுகும் தோள் பகுதி பின்னுக்குப் போய், சுடும்போது உறை நீள்கிறது என்று நினைக்கிறேன். சரிதானே?

டையை எவ்வளவு தூக்கி வைக்கிறீர்கள்? இந்தச் சரிவான தோளை எதை வைத்து அளக்கிறீர்கள்? குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் சுருக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். ஆனால் கரடி நடமாடும் காட்டில் உறை இறுகி, அறையை அடைக்கும் போல்ட் மூட மறுத்தால் யார் பதில் சொல்வது?

புது உறை வாங்கு என்பவர்கள், எந்த நிறுவனத்துடையது என்றும் சொல்லிவிடுங்கள்.