எய்ம்பாயிண்ட் பழைய டி-1 எடுக்கவா, புது டி-2 எடுக்கவா? புள்ளி கமா மாதிரி தெரிகிறது

புதுப்புள்ளி:
வணக்கம் நண்பர்களே. இதுவரை இரும்புக் குறியிலேயே சுட்டுப் பழகினேன். இப்போது ரைபிளுக்கு ஒரு ரெட் டாட் (கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி காட்டும் குறி) வாங்கலாம் என்று இருக்கிறேன். முன்னால் இரண்டு வழி. சுடுதளத்தில் மூத்தவர் ஒருவர் தன்னுடைய பழைய எய்ம்பாயிண்ட் மைக்ரோ டி-1ஐ விற்கிறார், 4 எம்ஓஏ புள்ளி (எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). இல்லையென்றால் புது டி-2, 2 எம்ஓஏ புள்ளி. விலையில் பெரிய வித்தியாசம்.

பழையதை மாட்டிச் சுட்டுப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். அதில் மூன்று விஷயம் உறுத்துகிறது. புள்ளி வட்டமாக இல்லை, வலப்பக்கம் கீழே வால் இழுத்து கமா மாதிரி தெரிகிறது. சுடும்போது சில நேரம் புள்ளி ஒரு நொடி அணைந்து திரும்ப வருகிறது. கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாம் லேசான நீலமாக இருக்கிறது. என் சுடுதல் பெரும்பாலும் 50, 100 மீட்டரில் தாள் இலக்குதான். பிற்பாடு 3 மடங்கு மேக்னிஃபையர் (குறிக்குப் பின்னால் வைக்கும் உருப்பெருக்கி) ஒன்று சேர்க்கும் எண்ணமும் உண்டு. இந்த மூன்றும் பழசாகிவிட்டதன் அறிகுறியா? டி-2 வாங்கினால் தீருமா?

மரங்கொத்தி:
முதலில் அந்த வால். மாடலைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். குறியை ரைபிளிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்துச் சுவர் ஒன்றைப் பார்த்தபடி, குறியை அதன் அச்சிலேயே மெதுவாகச் சுழற்றுங்கள், கடிகார முள் போகிற திசையில். குறியோடு சேர்ந்து வாலும் சுழன்றால் கோளாறு குறியில். குறி சுழன்றும் வால் அதே வலப்பக்கம் கீழேயே நின்றால் அது உங்கள் கண். இப்போது குறியை அசைக்காமல் தலையை மட்டும் சாய்த்துப் பாருங்கள். தலையோடு வாலும் சாய்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்குப் பெயர் அஸ்டிக்மாடிசம், விழியின் முன்பரப்பு ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைந்திருப்பது. மிகச் சாதாரணமான விஷயம். படிக்கும்போதும் நடக்கும்போதும் பலருக்குத் தெரிவதே இல்லை. கருப்புப் பின்னணியில் கூர்மையான ஒரு ஒளிப்புள்ளியைப் பார்க்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். போன் கேமராவைக் குறிக்குப் பின்னால் வைத்து, தூரத்துச் சுவரில் ஃபோகஸ் செய்து ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக வந்தால் குறியில் பழுதில்லை.

கண்தான் காரணம் என்றால் டி-2 எடுத்தாலும் வால் வரும். 2 எம்ஓஏ புள்ளி சின்னது, அதனால் புள்ளியைவிட வால் பெரிதாகத் தெரியவும் கூடும்.

பித்தளைக்கூடு:
அணைந்து எரிவதைப் பற்றி நான் சொல்கிறேன். டி-1, டி-2 இரண்டிலும் வலப்பக்கம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கிறதே, அதன் நடுவில் உள்ள மூடிக்குள்தான் பேட்டரி. சிஆர் 2032 காயின் செல், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மூடி அரைச் சுற்று தளர்ந்திருந்தாலே ரைபிள் உதைக்கும்போது செல் ஆடி, தொடர்பு விட்டுப் பிடிக்கும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான்.

மூடியில் உள்ள பள்ளத்தில் நாணயத்தை வைத்துத் திறங்கள். உள்ளே தொடர்புத் தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஏதாவது படிந்திருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். உலர்ந்த பிறகு புதுச் செல் போட்டு இறுக்கமாக மூடுங்கள். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று கசப்புப் பூச்சுப் பூசிய செல்கள் வருகின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பூச்சு சில கருவிகளில் தொடர்பைத் தடுக்கிறது. பூச்சில்லாத செல்லாகப் பார்த்து வாங்குங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான பொருள் அது, பழைய செல்லைப் பிள்ளைகள் கை எட்டும் இடத்தில் போட்டுவிடாதீர்கள்.

புதுச் செல் போட்டு இறுக்கிய பிறகும் புள்ளி அணைந்தால் அந்தக் குறியை எடுக்காதீர்கள். உள்ளே மின்சுற்றில் விரிசல் இருக்கலாம், அதை நாம் திறந்து சரிசெய்ய முடியாது.

ஓய்வுபெற்ற பயிற்சியாளர்:
தம்பி, நீலச் சாயலைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. ரெட் டாட்டில் சின்ன எல்இடி ஒன்று குழாய்க்குள் ஓரமாக இருந்து முன்பக்க லென்ஸ் மேல் ஒளியைப் பாய்ச்சுகிறது. அந்த லென்ஸின் பூச்சு சிவப்பை மட்டும் கண்ணாடிபோல உங்கள் பக்கம் திருப்பி அனுப்பும், மற்ற நிறங்களை உள்ளே விடும். வெளியே இருந்து வரும் சிவப்பிலும் ஒரு பங்கு அங்கேயே தடைபடுவதால் காட்சி நீலமாகவோ பச்சையாகவோ சாய்கிறது. ஆகவே அது வயதாவதால் வந்த கறை இல்லை, டி-1 2007இல் புதிதாக வந்தபோதே அப்படித்தான் இருந்தது. 2014இல் வந்த டி-2இன் லென்ஸில் இந்தச் சாயல் குறைவு, ஓரங்களில் காட்சி வளைவதும் குறைவு. பட்டப்பகலில் வெள்ளைத் தாளைப் பார்த்துச் சுடுகிறவருக்கு இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. மாலை மங்கும் நேரத்தில், பழுப்பு இலக்குக்குப் பின்னால் பழுப்பு மண்மேடு இருக்கும்போது இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், அப்போது புரியும்.

மேக்னிஃபையர் விஷயத்தில்தான் நான் டி-2 பக்கம் சாய்வேன். லென்ஸில் என்ன குறை இருக்கிறதோ அதையும் சேர்த்துத்தான் மேக்னிஃபையர் பெரிதாக்கும். டி-2ஐ மேக்னிஃபையரோடும் இரவுப் பார்வைக் கருவியோடும் பயன்படுத்துவதை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். ஆனால் உங்கள் கண்ணில்தான் வால் என்றால் அந்த வாலும் மூன்று மடங்காகும், அதையும் நினைவில் வையுங்கள்.

வெளியமைப்பில் ஒரு நல்ல மாற்றம். டி-1இல் மேலேயும் பக்கத்திலும் உள்ள, புள்ளியை நகர்த்திச் சரிசெய்யும் திருத்தக் குமிழ்களின் மூடிகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். டி-2இல் அவற்றைச் சுற்றிக் கரை எழுப்பிப் பாதுகாத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் திறந்து மூடும் மூடிகளையும் சுலபமாக மாட்டலாம். பேட்டரி ஆயுளில் முன்னேற்றம் ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் நிறுவனம் சொல்வது 8ஆம் நிலை வெளிச்சத்தில் 50,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டுக்கு மேல் அணைக்காமலே விட்டு வைக்கலாம். அடிப்பகுதியின் திருகு அமைப்பும் ஒன்றேதான், இன்று டி-1க்கு வாங்கும் மவுண்ட் (குறியை ரைபிளில் பொருத்தும் தாங்கி) நாளை டி-2க்கும் ஆகும்.

இரவுப் பார்வைக் கருவி உங்களிடம் இல்லை என்றால் எய்ம்பாயிண்டின் மைக்ரோ எச்-2ஐயும் பாருங்கள். லென்ஸ் டி-2 தரம், இரவுப் பார்வைக்கான மங்கல் நிலைகள் மட்டும் இல்லை. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

நெடுஞ்சாலை:
எல்லாரும் மைக்ரோவிலேயே நிற்கிறீர்கள். பழையது என்று முடிவானால் எய்ம்பாயிண்டின் காம்ப் எம்4 தேடலாமே? அதில் சாதாரண ஏஏ பேட்டரி, 80,000 மணி நேரம், 2 எம்ஓஏ புள்ளி. எடைதான் கூடுதல். 4 எம்ஓஏ புள்ளி 100 மீட்டரில் 11.6 சென்டிமீட்டரை மறைக்கும். தாள் இலக்குக்கு அது ரொம்பப் பெரிது என்பேன்.

ஓய்வுபெற்ற பயிற்சியாளர்:
காம்ப் எம்4 அசைக்க முடியாத குறி, மறுக்கவில்லை. ஆல்கலைன் ஏஏ போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் ஒழுகும், லித்தியம் ஏஏ போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உருப்பெருக்கம் இல்லாமல் தாளில் சுடப் பழகும் ஒருவருக்கு அந்த எடை எதற்கு?

புள்ளி அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 4 எம்ஓஏ பெரிது என்று எல்லாரும் பயப்படுகிறார்கள், வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தவர்கள் குறைவு. வெயிலுக்குக் கூட்டிய நிலையிலேயே விட்டுவிட்டால் எந்தப் புள்ளியும் பொங்கி வழியும். இலக்கின் மேல் புள்ளி தெரிய வேண்டிய அளவுக்கு மட்டும் வைத்தால் ஓரம் கூர்மையாகும், அஸ்டிக்மாடிச வாலும் பெரும்பாலும் சுருங்கும். இன்னொன்று, மேக்னிஃபையர் போட்டால் புள்ளி இலக்கைக் கூடுதலாக மறைக்கும் என்று நினைக்காதீர்கள். புள்ளி பெரிதாகும் அதே அளவுக்கு இலக்கும் பெரிதாகிறது, மறைக்கும் பங்கு மாறாது.

மரங்கொத்தி:
வாங்குவதற்கு முன் பெட்டிச் சோதனையும் செய்துவிடுங்கள். பழைய குறியில் திருத்தம் ஒழுங்காக நகர்கிறதா என்று அதில்தான் தெரியும். டி-1இல் ஒரு கிளிக் (திருத்தக் குமிழின் ஒரு சொடுக்கு) 100 மீட்டரில் 13 மில்லிமீட்டர், 50 மீட்டரில் அதில் பாதி. ஓய்வுப் பலகையில் ரைபிளை வைத்து 50 மீட்டரில் ஒரு குரூப் (ஒரே இடத்தைக் குறிவைத்துச் சில தோட்டாக்கள்). மேலே 20 கிளிக், அதே புள்ளியைக் குறிவைத்து இன்னொரு குரூப். வலப்பக்கம் 20, கீழே 20, இடப்பக்கம் 20 என்று சுற்றி வந்தால் பக்கத்துக்கு 13 சென்டிமீட்டர் சதுரம் வர வேண்டும், கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேலேயே விழ வேண்டும். கிளிக் திருப்பத் தனிக் கருவி தேடாதீர்கள். திருத்தக் குமிழின் மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் அதில் இருக்கும் சின்ன முனைகள் குமிழில் உள்ள துளைகளில் உட்காரும்.

புதுப்புள்ளி:
எல்லாருக்கும் நன்றி. செய்து பார்த்துவிட்டு வந்தேன். குறியைச் சுழற்றினாலும் வால் இருந்த இடத்திலேயே நின்றது, தலையைச் சாய்த்தால் கூடவே வந்தது. போன் படத்தில் அழகான வட்டம். கண் பரிசோதனையில் இரண்டு கண்ணிலும் அஸ்டிக்மாடிசம் என்றார்கள், வலக்கண்ணில் கூடுதல். புதுக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், வெளிச்சத்தை இரண்டு நிலை இறக்கியதும் புள்ளி கிட்டத்தட்ட வட்டமாகவே இருக்கிறது.

பேட்டரி மூடி தளர்ந்துதான் இருந்தது ஐயா. தகட்டில் லேசான வெள்ளைப் படிவும் இருந்தது. துடைத்துப் புதுச் செல் போட்டு இறுக்கிய பிறகு ஒரு தடவைகூட அணையவில்லை. பெட்டிச் சோதனையில் சதுரம் சரியாக வந்தது. அதனால் டி-1ஐயே எடுத்துக்கொள்கிறேன். மேக்னிஃபையரை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன், அது வேண்டும் என்று தோன்றும் நாளில் டி-2 அல்லது எச்-2 பார்க்கிறேன். மவுண்ட் ஒன்றே என்பதால் அந்தச் செலவு மிச்சம்.

பித்தளைக்கூடு:
நல்ல முடிவு. மவுண்ட் திருகுகளை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவு முறுக்கத்தில் இறுக்கிவிட்டு, திருகின் தலையிலிருந்து மவுண்ட் வரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகியிருந்தால் திருகு தளர்ந்துவிட்டது, மறுபடி ஜீரோ (புள்ளி காட்டும் இடத்தில்தான் தோட்டா விழுகிறதா என்று) பார்க்க வேண்டும் என்று பார்த்தவுடனே தெரியும். பேட்டரி மாற்றிய தேதியைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி மவுண்டின் உட்பக்கம் ஒட்டுங்கள். 50,000 மணி நேரம் என்று சொன்னாலும் நான் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவேன். மாற்றும்போதெல்லாம் தோட்டா அறை காலியா என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் குறியில் கை வைப்பேன்.