கம்பெனியை மூடியதை இரண்டு ஊர்களில் சொன்னபோது

நான் தொடங்கிய சின்ன மென்பொருள் கம்பெனியை ஒன்றரை வருஷத்தில் மூடிவிட்டேன். அதற்கப்புறம் வேலைக்காக முதலில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயிலும் பிறகு பெர்லினிலும் இருந்தேன். முன்னால் என்ன செய்தீர்கள் என்று கேட்டவர்களிடம் மறைக்காமல் இதையே சொன்னேன்.

சான் ஹோசேயில் கேட்டவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பணம் எந்த மாதம் தீர்ந்தது, முதல் வாடிக்கையாளர் ஏன் விலகினார் என்று துருவித் துருவிக் கேட்டார். முகத்தில் பரிதாபமே இல்லை. அந்த ஊரில் வேலையை விட்ட மறுநாளே போட்டிக் கம்பெனி தொடங்கலாம். போட்டிக்கு வரமாட்டேன் என்று முதலாளி எழுதி வாங்கியிருந்தாலும் பெரும்பாலும் செல்லாது, 1872 முதல் மாநிலச் சட்டமே அப்படி.

பெர்லினில் பக்கத்து மேசைக்காரர் குரலைத் தாழ்த்தி, "கடன் ஏதும் மிச்சம் இருக்கிறதா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் தன் அண்ணன் கதையைச் சொன்னார். தொழில் நொடித்தது, வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டிருந்தார், ஆறு வருஷம் சம்பளத்தில் ஒரு பங்கு கடன்காரர்களுக்கே போனது. திவாலானவர் மிச்சக் கடனிலிருந்து விடுபட ஜெர்மனியில் அன்று பொதுவாக அவ்வளவு காலம் ஆகும். 2020-ல்தான் அதை மூன்று வருஷமாகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் திவால் சட்டத்தின் சாப்டர் 7 என்ற பிரிவு வழியாகப் போகிறவருக்குப் பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும்.

ஜெர்மன்காரர்களுக்குத் துணிச்சல் இல்லை என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆறு வருஷம் பிடித்துவைத்த சட்டத்தின் கீழ் வளர்ந்தவர் கடனைப் பற்றித்தானே முதலில் கேட்பார்?

பெர்லினில் ஒரு நண்பர் ஜிஎம்பிஎச் கம்பெனி, அதாவது நம் ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரியான ஒன்று, பதிவு செய்தபோது கூடப் போனேன். நோட்டரி ஆவணம் முழுவதையும் வரி விடாமல் வாய்விட்டு வாசித்தார், நண்பர் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மூலதனம் 25,000 யூரோ, பதிவுக்கு முன்பே பாதியைக் கட்டியாக வேண்டும். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று வெளியே வந்ததும் கேட்டேன். "இந்தப் பணம் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தால்தான் சரக்கு தருகிறவர் என்னை நம்பித் தருவார்" என்றார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சான் ஹோசேயில் என்னைத் துருவிக் கேட்டவர் சொந்தமாக எதுவும் தொடங்கவில்லை. பையனுக்கு ஆஸ்துமா, கம்பெனி தரும் மருத்துவக் காப்பீட்டை விட்டுவிட்டு வர முடியாது என்று ஒரு நாள் காரில் போகும்போது சொன்னார்.