2^61−1க்கு மட்டும் விடை பிழைக்கிறது, உதவி தேவை

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். உயர்தரம் படிக்கும் மகளும் நானும், 2^p−1 வடிவ எண் முதன்மை எண்ணா என்று பார்க்கும் லூக்காஸ்-லேமர் சோதனையை சி மொழியில் எழுதினோம். 2^19−1, 2^31−1 இரண்டுக்கும் கடைசி மீதி சரியாக 0 வருகிறது, அதாவது முதன்மை எண். 2^61−1, அதாவது 2305843009213693951 போட்டால் மட்டும் முதன்மை எண் இல்லை என்கிறது. கணினியே இல்லாத 1883இல் ரஷ்யரான பெர்வூஷின் முதன்மை என்று நிறுவிய எண் இது! மூன்று இரவாக இதோடுதான் இருக்கிறோம்.

ஒவ்வொரு படியிலும் எடுக்கும் வர்க்கம் 122 பிட் வரை போவதால் 64 பிட்டில் அடங்கவில்லை, அது புரிகிறது. அன்சைன்ட் (குறியில்லா முழு எண்) ஆக்கிப் பார்த்தோம். அப்புறம் டபுள் (தசம எண் வகை), அதில் 53 பிட்டுக்கு மேல் துல்லியம் போய்விடுகிறது. கைப்பேசியில் பைத்தானில் ஓட்டினால் 0 வருகிறது, ஆகவே முறை சரி. மடிக்கணினி பழைய 32 பிட் விண்டோஸ் 7. 128 பிட் எண்ணை அதன் கம்பைலர் ஏற்கவில்லை.

64 பிட்டை மட்டும் வைத்து, இரண்டு 61 பிட் எண்களைப் பெருக்கி 2^61−1ஆல் மீதி எடுப்பது எப்படி?