மாடி பாத்ரூம் கசிவு: சேலத்தில் நம்பி வேலை கொடுக்க பிளம்பரை எப்படிப் பிடிப்பது?

கன்னங்குறிச்சிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கன்னங்குறிச்சியில் எங்கள் வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம், மேலே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அப்பா 2004-ல் கட்டிய வீடு. மேல்மாடி பிற்பாடு சேர்த்தது. மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே எங்கள் பூஜை அறை வருகிறது. தை மாதத்திலிருந்து பூஜை அறை சீலிங்கின் மூலையில் ஈரம். முதலில் உள்ளங்கை அளவுதான் இருந்தது. இப்போது பெயிண்ட் உப்பி, பூச்சு பொரிந்து சாமி படங்களின் மேல் உதிர்கிறது. அம்மா தினமும் அதைத் துடைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். சரி, அது வேறு கதை.

இரண்டு பிளம்பர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் பாத்ரூம் வாசலில் நின்றபடியே, "மொத்த டைல்ஸையும் உடைத்து பைப் எல்லாம் மாற்றணும் சார், 60,000 ஆகும், பாதி அட்வான்ஸ்" என்றார். ஒரு குழாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. இன்னொருவர், உடைக்கவே வேண்டாம், டைல்ஸ் இடுக்கில் ஒரு கெமிக்கல் ஊற்றினால் போதும், 8,000 ரூபாய், பத்து வருஷம் கேரண்டி என்றார். கேரண்டியை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன், சிரித்தார்.

யாரை நம்புவது? சேலத்தில் ஒழுங்கான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? யார் பெயரும் நம்பரும் இங்கே போட வேண்டாம். எப்படித் தேடுவது, என்ன கேட்பது என்று சொன்னால் போதும்.

செவ்வாய்பேட்டை பழைய கவுண்ட்டர்:

தம்பி, நான் செவ்வாய்பேட்டையில் பைப், ஃபிட்டிங்ஸ் கடையில் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றே முடி நரைத்தவன். இப்போது ஓய்வு. சேலத்துப் பிளம்பர்களில் பாதிப் பேரைக் கடை வாசலில் வைத்தே அளந்திருக்கிறேன்.

முதல் விஷயம், அந்த இரண்டு பேருக்கும் வேலை கொடுக்காதீர்கள். ஒருவர் 60,000 கேட்டதாலோ இன்னொருவர் 8,000 கேட்டதாலோ இதைச் சொல்லவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலேயே இரண்டு பேரும் விலை சொல்லிவிட்டார்கள். பாத்ரூமிலிருந்து கீழே தண்ணீர் இறங்க மூன்று வழிதான் உண்டு: சுவருக்குள் போகிற சப்ளை பைப், கழிவுநீர் போகிற பைப்பும், நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேக்கி வைக்கிற ட்ராப்பும், அப்புறம் தரை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு. எது என்று தெரியாமல் சொல்கிற தொகை எல்லாம் குருட்டுக் கணக்கு.

இதில் பாதியை நீங்களே பார்த்துவிடலாம். மேல் வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகிற சமயமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து அந்த பாத்ரூமுக்கு இறங்குகிற லைனில் வால்வு இருக்கும். அதைத் திறந்தே வைத்து, யாரும் பாத்ரூமைப் புழங்காமல் விடுங்கள். ஈரம் அப்படியும் பெருகினால் சப்ளை பைப்பில்தான் கோளாறு, ஏனென்றால் அதில் மட்டும்தான் இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். பெருகாமல் நின்றால் கழிவு லைன் அல்லது தரை.

அந்த இரண்டையும் பிரிக்க சொட்டு நீலம் போதும். ஒரு வாளித் தண்ணீரில் நீலம் நன்றாகக் கலக்கி, தரையில் சிந்தாமல் நஹானி ட்ராப்பின், அதாவது தரை வடிகாலின், வாய்க்குள்ளேயே ஊற்றுங்கள். இரண்டு மூன்று வாளி ஊற்றலாம். கீழே நீலம் தெரிந்தால் ட்ராப் அல்லது அதன் ஜாயிண்ட். தெரியாவிட்டால் சில நாள் விட்டு, ட்ராப் வாயைத் துணியால் இறுக்கி அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி சாயங்காலம் வரை நிறுத்துங்கள். ஈரம் அதற்குப் பிறகு வந்தால் தரை. நீலம் உடனே வராது, பதற வேண்டாம். பெரும்பாலான பாத்ரூம் தளத்தைப் பள்ளமாக இறக்கிப் போட்டு, உடைசெங்கல் ஜல்லி நிரப்பித்தான் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் அந்த நிரப்பலில் தேங்கி, நிதானமாகத்தான் கீழே இறங்கும். அதே காரணத்தால் ரிப்பேர் முடிந்த பிறகும் சீலிங் காய வாரக்கணக்கில் ஆகும். உடனே பெயிண்டரைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.

ஆளைத் தேடுகிற வழிக்கு வருகிறேன். கடையில் போய் "நல்ல பிளம்பர் சொல்லுங்க" என்று கேட்டால், அங்கே அதிகமாகச் சாமான் எடுக்கிறவரைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அது வியாபாரம். கேள்வியை மாற்றுங்கள்: "மிச்சமான ஃபிட்டிங்ஸை ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவருகிற பிளம்பர் யார்?" கவுண்ட்டர் பையனே இரண்டு மூன்று பேர் சொல்வான், ஏனென்றால் அந்த மாதிரி ஆட்களால் அவனுக்குத்தான் ரிட்டர்ன் பில் தொந்தரவு.

கமிஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளம்பர் எழுதித் தருகிற சாமானுக்குக் கடை ஒரு பங்கு கொடுப்பது உண்டு. கமிஷன் வாங்குகிறவர் எல்லாம் திருடர் இல்லை. நாள் கூலி குறைவாக வாங்குகிறவருக்கு அதுவும் ஒரு வருமானம். ஆனால் பைப்பைத் திருப்புகிற எல்போ ஐந்து போதும் என்கிற இடத்தில் பன்னிரண்டு எழுதினால் அது வேறு. அதனால் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், பணத்தை நீங்களே கடைக்குக் கட்டுங்கள். கழற்றிய பழைய பித்தளைக் குழாய், வால்வு எல்லாம் உங்களுடையவை, எடைக்குப் போட்டால் காசு. நல்ல ஆள் கேட்காமலே ஒரு சாக்கில் கட்டி வைத்துவிட்டுப் போவார். வேண்டுமென்றால் அவருக்கே கொடுங்கள், ஆனால் உங்கள் கையால் கொடுங்கள்.

வேலை தெரிந்தவரா என்று பார்க்க நான் ஒன்று வைத்திருந்தேன். சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பைப்பை வெட்டியதும் முனையில் நிற்கிற பிசிறைச் சீவுகிறாரா? கம் தடவி உள்ளே தள்ளும்போது கால் சுற்று திருப்பி, கொஞ்ச நேரம் அசையாமல் பிடிக்கிறாரா? பிடிக்காமல் விட்டால் பைப் தானாகப் பின்னால் நகரும், ஜாயிண்ட் பாதி ஒட்டி நிற்கும். இன்றைக்குத் தெரியாது, இரண்டு வருஷம் கழித்து உங்கள் பூஜை அறையில் தெரியும்.

ஏற்காடு மேட்டுவீடு:

கவுண்ட்டர் ஐயா சொன்னதெல்லாம் சரி. மலைமேல் இருக்கிறவர்களுக்காக இன்னொன்று. எங்கள் வீடு ஏற்காட்டில், எஸ்டேட் பாதையில் கொஞ்சம் உள்ளே. ஊற்றுத் தண்ணீரை மேட்டில் ஒரு தொட்டியில் பிடித்து, கருப்பு ஹோஸில் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். கீழேயிருந்து ஒரு பிளம்பர் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, புது டாய்லெட்டுக்கு அந்த லைனிலிருந்தே நேராக இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார். பகலில் ஒன்றுமில்லை. ராத்திரி எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது ஃப்ளஷ் டேங்க் வால்வு தெறித்தது.

காரணம் எளிது. பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தம் கூடும். சேலத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து கீழ்வீட்டுக் குழாய்க்கு ஒரு கிலோ வந்தாலே அதிகம். எங்கள் தொட்டி வீட்டுக்கு மேலே நாற்பது மீட்டருக்குக் குறையாது, அப்படியென்றால் நாலு கிலோ. நடுவில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, மிதவை வால்வு போட்டு அழுத்தத்தை உடைத்த பிறகுதான் நிம்மதி. அதைச் செய்தது இங்கேயே காபித் தோட்டத்து லைன் எல்லாம் பார்க்கிற பெரியவர். அவரிடம் பிரஷர் கேஜ் கிடையாது. வந்ததும் மேட்டைப் பார்த்து, "தொட்டி எவ்வளவு ஒசரத்துல இருக்குதுங்க?" என்றுதான் கேட்டார்.

மலையில் வீடு வைத்திருப்பவர்கள் ஆள் பிடிக்கும்போது இந்தக் கேள்வி வருகிறதா என்று பாருங்கள். அவர் கேட்காமல் குழாய் மாடலைப் பற்றியே பேசினால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

பைப் ரெஞ்ச்:

நான் பிளம்பர். ஐ.டி.ஐ.-யில் ஒரு வருஷப் பிளம்பர் டிரேடு முடித்தவன், கொண்டலாம்பட்டிப் பக்கம் வேலை செய்கிறேன். எங்களைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குக் காசு கேட்டால், "வந்து பார்த்ததுக்கா பணம்?" என்கிறார்கள். பார்ப்பதற்குக் காசு கிடைக்காது என்று தெரிந்தவர், வாசலில் நின்றே 60,000 என்பார். பார்க்கிற கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள், வேலை எனக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். அப்போது உண்மையைச் சொல்வதில் எனக்கு நஷ்டமில்லை.

இன்னொன்று கீசர். நம் ஊர் போர்த் தண்ணீர் பற்றி உங்களுக்கே தெரியும், கருப்பூர் பக்கம் பூமிக்குள் வெள்ளைக்கல், குழாய் முனையில் வெள்ளையாக உப்பு. கீசரில் உப்பு கட்டி, சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் சொட்டும். சில பேர் அதற்கு எண்ட் பிளக் என்கிற மூடியைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள், வீட்டுக்காரரும் "சொட்டு நின்றுவிட்டது, கெட்டிக்காரன்" என்று சந்தோஷப்படுவார். சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் பழுதானால் உள்ளே ஏறுகிற அழுத்தம் வெளியேற வைத்திருக்கிற வழி அதுதான். அதை அடைக்கிறவரை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

கழிவு லைன் அடைத்தால் என்னைக் கூப்பிடுங்கள். செப்டிக் டேங்குக்குள் இறங்கச் சொல்லாதீர்கள். 2013-ல் வந்த சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம், விஷவாயு அடித்தால் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. அதற்கு லாரி வந்து உறிஞ்சும். "500 ரூபாய் சேர்த்துத் தருகிறேன்" என்று சொன்ன ஒரு வீட்டுக்கு நான் இப்போது போவதே இல்லை.

அண்ணா, சுவரை உடைக்க வேண்டி வந்தால், புதுப் பைப் போட்டதும் பூசுவதற்கு முன்னால் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். கை பம்ப்பில் தண்ணீர் ஏற்றி கேஜ் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. அப்புறம் சுவரில் டேப்பைப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி ஃபோட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது ஆணி அடிக்க வரும்போது உதவும்.

கன்னங்குறிச்சிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மேல் வீட்டுக்காரர்கள் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள், சாவி கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். வால்வைத் திறந்தே வைத்தேன், ஈரம் பெருகவில்லை. அப்புறம் நீலம் ஊற்றினேன். மறுநாள் காலையில் சீலிங் மூலையில் லேசான ஊதா நிறம், மத்தியானத்துக்குள் நல்ல நீலமாகிவிட்டது. அம்மா சாமி படங்களை ஹாலுக்கு மாற்றிவிட்டு, இப்போது என்னிடம் நன்றாகப் பேசுகிறார்.

அப்படியென்றால் ட்ராப்தானே? மொத்தத் தரையையும் உடைக்க வேண்டுமா?

செவ்வாய்பேட்டை பழைய கவுண்ட்டர்:

ட்ராப்தான். அதைச் சுற்றி நாலு டைல்ஸ் எடுத்தால் போதும், ஜாயிண்ட்டைப் பார்த்துவிடலாம். ட்ராப்பே விரிசல் விட்டிருந்தால் மாற்றட்டும். புதுசு வாங்கும்போது உள்ளே தண்ணீர் நிற்கிற ஆழம் இரண்டு அங்குலமாவது இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள், குறைந்தால் நாற்றம் மேலே வரும். மூடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் வாட்டர்புரூஃப் பூச்சு இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். மறுபடியும் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் டைல்ஸ் ஒட்டணும், பாக்கிக் கூலியும் அதற்கப்புறம்தான்.

கட்டும்போது மிச்சமான டைல்ஸ் மொட்டைமாடியில் ஏதாவது கிடக்கிறதா பாருங்கள். அதே டிசைன் கடையில் இப்போது கிடைக்காது.

கன்னங்குறிச்சிக்காரன்:

தண்ணீர் டேங்குக்கு அடியில் ஆறு டைல்ஸ் இருக்கிறது, ஒன்று மூலை உடைந்தது. கொண்டலாம்பட்டித் தம்பி, பார்க்கிற கூலி எவ்வளவு என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வார நாளில் உங்களுக்கு வசதியான நேரத்தில் வாங்க.