வாள் பார்க்கப் போய் கழிவுக்குழி பார்த்த கதை

சென்ற ஆண்டு அம்மாவுடன் இங்கிலாந்தின் யார்க் நகரில் உள்ள யோர்விக் வைக்கிங் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங் மக்களைப் பற்றியது. வாளும் கேடயமும் வரிசையாக இருக்கும் என்ற நினைப்பில்தான் டிக்கெட் எடுத்தேன். உள்ளே எங்களை வரவேற்றது நாற்றம்.

மேலிருந்து தொங்கும் வண்டியில் உட்கார வைத்து, பத்தாம் நூற்றாண்டுத் தெரு வழியே மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறார்கள். புகை, மீன், பதப்படுத்தும் தோல் என்று வாடை மாறிக்கொண்டே வருகிறது. பொம்மை மனிதர்கள் வைக்கிங்குகளின் மொழியான பழைய நார்ஸில் பேசிக்கொள்கிறார்கள். ஓரிடத்தில் ஒருவர் தட்டி மறைவில் குழியின்மேல் குந்தியிருந்தார். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதைப் பார்க்கவா இத்தனை பவுண்டு கொடுத்தாய்?" என்றார்.

உண்மையில் அந்தக் குழிகள்தான் அருங்காட்சியகத்தின் மூலதனம். 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் தெருவில் தோண்டியபோது சுமார் 40,000 பொருள்கள் கிடைத்தன. காற்றுப் புகாத ஈர மண்ணும் குப்பையும் மூடிக் கிடந்ததால், வேறு இடங்களில் மக்கிப்போயிருக்கும் மரமும் தோலும் துணியும் இங்கே தப்பியிருக்கின்றன. தெருப் பெயரில் உள்ள 'கேட்' வாயிற்கதவு அன்று. நார்ஸ் மொழியில் தெரு. மரக்கிண்ணம் கடைந்தவர்களின் தெரு, நம் ஊர்த் தச்சர் தெரு மாதிரி.

கடைசியில் அம்மாவைக் கட்டிப்போட்டது ஒரு கம்பளிக் காலுறை. ஒற்றைக் காலுறைதான். ஒரே ஊசியால் முடிந்து முடிந்து செய்தது. பின்னல் வேலை தெரிந்தவர் என்பதால் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே மாட்டேன் என்றார். நான் நின்றது வேறு பெட்டியின் முன்னால். 1972-இல் வங்கிக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டிய இடத்தில் கிடைத்த, இறுகிக் கல்லாகிப்போன மனித மலம். நீளம் சுமார் 20 செ.மீ. உள்ளே குடற்புழு முட்டைகள்! அந்த மனிதர் என்ன தின்றார், வயிறு எப்படி வலித்திருக்கும் என்று யோசிக்க வைத்தது. எந்த வாளும் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

*

உங்கள் யார்க் கதையைப் படித்தேன். நான் பார்த்த வைக்கிங் அருங்காட்சியகம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள டப்ளினியா. கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தோடு கூரை போட்ட பாலத்தால் இணைந்த பழைய திருச்சபை மன்றக் கட்டடத்தில், 1993 முதல் இயங்குகிறது. வைக்கிங் வீடு, இடைக்காலச் சந்தை எல்லாம் உண்டு; பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 96 படி ஏறிக் கோபுரத்துக்குப் போனபோது என் முழங்கால்தான் முறையிட்டது. அருகிலுள்ள வுட் கீ ஆற்றங்கரையில் அசல் வைக்கிங் குடியிருப்பே மண்ணுக்குள் இருந்தது. அதைக் காக்க 1978-இல் சுமார் 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். ஆனாலும் மாநகராட்சி அலுவலகம்தான் எழுந்தது. மாதிரித் தெருவில் நடந்துவிட்டு அந்தக் கட்டடத்தைப் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது.

*

யார்க் கதை எழுதியவருக்கு ஒரு கேள்வி: அடுத்த மாதம் நாங்கள் அங்கே போகிறோம். அந்த வாடை துணியில் ஒட்டுமா?

*

ஒட்டாது. ஆனால் அம்மா அறைக்குத் திரும்பியதும் சேலையை அலசிப் போட்டுவிட்டுத்தான் காபி குடித்தார்.