கடிந்துகொண்டால் கேட்டுக்கொள்வது எப்படி?

(பேசுகிறவர்கள் அவரவர் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

தஞ்சாவூர்:
வேதாகமத்தில் இஸ்ரவேலின் ராஜாக்களான சவுலையும் தாவீதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், நாம் எங்கே சறுக்குகிறோம் என்பது தெரிந்துவிடும். அமலேக்கியரின் ஆடுமாடுகளையும் மிச்சமின்றி அழிக்கச் சொல்லியிருந்தும் சவுல் நல்லவற்றைத் தப்பவைத்தான். 1 சாமுவேல் 15-ல் தீர்க்கதரிசி சாமுவேல் வந்ததும் சவுல் முந்திக்கொண்டு, 'கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்' என்கிறான். ஆடுகளின் சத்தம் காட்டிக்கொடுத்ததும் பழியை ஜனங்கள்மேல் போடுகிறான். 24-ம் வசனத்தில்தான் 'பாவஞ்செய்தேன்' வருகிறது. 30-ல் அது மறுபடி வந்தாலும், கூடவே மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணச் சொல்லிக் கேட்கிறான். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொல்லவைத்த தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் 'நீயே அந்த மனுஷன்' என்றபோது, அவன் சொன்னது 'பாவஞ்செய்தேன்' என்ற ஒரே வரி (2 சாமுவேல் 12:13). விளக்கமில்லை, வேறொருவன் பெயர் இல்லை.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிறகு நடந்தது. தாவீது படுக்கையில் கிடந்த கடைசி நாட்களிலும் நாத்தான் உள்ளே போய்ப் பேச முடிந்தது (1 இராஜாக்கள் 1). யூதாவின் ஆசா ராஜாவோ, தன்னைக் கடிந்த ஞானதிருஷ்டிக்காரன் அனானியைக் காவலறையில் போட்டான் (2 நாளாகமம் 16:10). திருத்தியவர் மறுமாதமும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

மன்னார்குடி:
சரியாகச் சொன்னீங்கண்ணே. சபைகளில் இது அதிகம் வெடிப்பது அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்ட கணக்கில். யாராவது 'ரசீது குறைகிறதே' என்றால், 'இதை இவருக்கு யார் சொன்னது?' என்று ஆள் தேடத் தொடங்குவோம். அங்கேயே காரியம் கெட்டது. முதலில் குறுக்கிடாமல் முழுதும் கேளுங்கள். கேட்டதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லி, 'இதுதானே?' என்று உறுதி செய்யுங்கள். அன்றைக்கே பதில் வேண்டாம். ஏலச் சீட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் வரிவரியாக ஒத்துப்பாருங்கள். தவறு இருந்தால் திருத்திவிட்டு, சுட்டிக்காட்டியவரிடமே முதலில் போய்ச் சொல்லுங்கள். நெல் விற்கப் போகிறவர்களுக்கு இது தெரியும்: கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், மீட்டரோடு சண்டை போட்டு நெல் காயாது. களத்தில் கொட்டிக் கிளறத்தான் வேண்டும்.

சொல்பவருக்கும் வரம்பு உண்டு. மத்தேயு 18:15 தனிமையில் தொடங்கச் சொல்கிறது. கேட்காவிட்டால்தான் இன்னும் ஓரிருவர், அதன் பிறகே சபை. வாட்ஸ்அப் குழுவில் முதலில் போடுவது இந்த வரிசையையே தலைகீழாக்குகிறது.

தரங்கம்பாடி:
பிரசங்கிகளுக்கு அப்பொல்லோவைச் சொல்லுவேன். வேதாகமங்களில் வல்லவன்; ஆனால் யோவான் ஸ்நானகன் கொடுத்த ஸ்நானம் மட்டுமே தெரியும். கூடாரம் பண்ணும் தொழில் செய்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் ஜெப ஆலயத்தில் எழுந்து மறுக்காமல், தங்களிடம் சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). எங்கள் ஊரில் 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்குவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் படித்தார். எழுத்துப் பிழையை ஒரு சிறுபிள்ளை சுட்டிக்காட்டக்கூடிய இடத்தில் உட்கார்ந்தவர், 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்.

திருவாரூர்:
சொல்லப்பட்ட குறையே பொய்யென்றால் என்ன செய்வது ஐயா?

தஞ்சாவூர்:
நீதிமொழிகள் 18:17-ஐப் பாருங்கம்மா; முதலில் பேசுகிறவன் நியாயவான்போல் தெரிவான், அயலான் வந்து சோதிப்பான். ஆகவே ஆதாரத்தை எடுத்துக்கொண்டு, இருவர் முன்னிலையில் ஒரே தடவை காட்டுங்கள். கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சொன்னதில் பத்தில் ஒரு பங்கு மெய்யாக இருந்தாலும், அந்த ஒரு பங்கை மட்டும் ஒப்புக்கொண்டு சரிசெய்யுங்கள்.